தடுப்பு முகாமில் பட்ட கேட்டுக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது? வாசகர் கேள்வி - பதில்

அமெரிக்கக் குடிவரவுத் தடுப்புக் காவலில் இருந்தவர்கள், இருப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேள்விகளைச் சுருக்கி, ஆள் அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டோம். இவை பொதுவான வழிகாட்டல். உங்கள் வழக்கின் முடிவை அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள வக்கீலைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

என் தம்பிக்குச் சர்க்கரை நோய். டெக்ஸாஸில் ஒரு தடுப்பு முகாமில் நான்கு மாதம் இருந்தான். இன்சுலின் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. காலில் வந்த புண்ணைக் காட்டியும் வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பிணையில் வெளியே இருக்கிறான். வழக்கு யார் மீது? ஐஸ் மீதா, முகாமை நடத்தும் கம்பெனி மீதா?
— வாசகி, ஹூஸ்டன்

தவறு செய்தவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சட்டம், படிவம், கெடு மூன்றும் அதைப் பொறுத்தே மாறும். தோற்றுப்போகும் வழக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

அவர் ஃபெடரல் அரசு ஊழியர் என்றால், வழி 1946ஆம் ஆண்டின் ஃபெடரல் டார்ட் கிளெய்ம்ஸ் சட்டம். வக்கீல்கள் எஃப்.டி.சி.ஏ. என்பார்கள். இதில் பிரதிவாதியாக ஐ.சி.இ.யையும் (நீங்கள் ஐஸ் என்று குறிப்பிடும் குடிவரவு அமலாக்க அமைப்பு) போட முடியாது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையையும் போட முடியாது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்ற அரசு மட்டுமே பிரதிவாதி. இதே தவறைத் தனியார் ஒருவர் செய்திருந்தால், சம்பவம் நடந்த மாநிலத்தின் சட்டப்படி அவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்குமா என்பதே அளவுகோல். ஆகவே உங்கள் தம்பி விஷயத்தில் டெக்ஸாஸின் மருத்துவ அலட்சியச் சட்டம்தான் பேசும்.

அவர் கம்பெனி ஊழியர் என்றால் அந்தச் சட்டம் உதவாது. ஒப்பந்தக்காரர்களின் தவறுக்கு அரசு பொறுப்பில்லை என்று சட்டமே விலக்கு எழுதி வைத்திருக்கிறது. கம்பெனி மீது மாநிலச் சட்டப்படி நேரடியாக வழக்குப் போட வேண்டும். மூன்றாவது வகை, கவுண்டி ஜெயில். ஐ.சி.இ. பல இடங்களில் உள்ளூர் ஜெயிலில் கட்டில் வாடகைக்கு எடுப்பதுபோல் ஆட்களை வைத்திருக்கிறது. அங்கே கவுண்டியின் மீது போக வேண்டும். அதற்கு முன்னறிவிப்பு என்று தனிச் சடங்கு உண்டு. நியூ ஜெர்சியில் 90 நாள், அரிசோனாவில் 180 நாள், கலிஃபோர்னியாவில் 6 மாதம். அந்த நோட்டீஸ் போகாவிட்டால் பெரும்பாலும் வழக்கே இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஒரே கட்டடத்துக்குள் மூன்று வகை ஆட்களும் இருப்பார்கள். அரிசோனாவின் ஈலாய் முகாமில் நீண்ட காலமாகக் காவல் கோர்சிவிக் கம்பெனியிடம், மருத்துவமோ ஐ.சி.இ.யின் சொந்த மருத்துவப் பிரிவிடம். நேர்மாறாக, கட்டடம் அரசுடையதாகவும் காவலர்கள் ஒப்பந்த ஆட்களாகவும் இருக்கும் முகாம்களும் உண்டு. ஆகவே முகாமின் பெயரைக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். இன்சுலின் எழுதாத டாக்டர் ஒருவர், மாத்திரை வண்டியைத் தள்ளி வந்த நர்ஸ் இன்னொருவர், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அனுமதி தராத அதிகாரி வேறொருவர்; ஒவ்வொருவரும் யாருடைய ஆள் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மருத்துவப் பதிவேட்டின் தலைப்பில் ‘ஐ.சி.இ. ஹெல்த் சர்வீஸ் கோர்’ என்று இருக்கிறதா, கம்பெனிப் பெயர் இருக்கிறதா, கையெழுத்துக்குக் கீழே என்ன பதவி போட்டிருக்கிறது என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அரசிடமும் கோருங்கள், கம்பெனி மீதான கெடுவையும் தவறவிடாதீர்கள். இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

அதிகாரிகள் மீதே, அவர்கள் சொந்தக் காசிலிருந்து கொடுக்கும்படி, அரசியலமைப்பு உரிமை மீறல் வழக்குப் போட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். 1971இல் பிவென்ஸ் வழக்கில் திறந்த கதவு அது. 2017இல் ஜிக்லர் எதிர் அப்பாசி, 2022இல் எக்பர்ட் எதிர் பூல் ஆகிய தீர்ப்புகளுக்குப் பிறகு குடிவரவு வழக்குகளில் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. தனியார் சிறை ஊழியர்களுக்கு எதிராக அது செல்லாது என்று 2012இலேயே சொல்லியாயிற்று. முகாம் டாக்டர் பொதுச் சுகாதாரச் சேவை அதிகாரியாக இருந்தால் நிலைமை இன்னும் தெளிவு: ஹூய் எதிர் காஸ்டனேடா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், அவர்மீது தனிப்பட்ட வழக்கு கூடாது, அரசு மீதான எஃப்.டி.சி.ஏ. வழக்கு மட்டுமே என்றது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தும் பயாப்சி செய்யாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் இறந்துபோன கைதியின் வழக்கு அது. அலட்சியத்தை அரசே ஒப்புக்கொண்டது. எனவே பிவென்ஸை மட்டும் நம்பி வழக்குத் தொடுப்பது, இன்றைய நிலையில், காலத்தை வீணடிப்பது என்பதே எங்கள் கருத்து.

என் கணவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். முதுகில் அடிபட்டு நடக்க முடியவில்லை. வழக்கு பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். இப்போதே என்னென்ன சேகரித்து வைக்க வேண்டும்?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

நல்ல கேள்வி. வெளியே வந்தபின் தேடினால் பாதி கிடைக்காது.

மருத்துவ உதவி கேட்பதை வாயால் கேட்டு விடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் சிக் கால் சீட்டு, அதாவது மருத்துவ உதவி கேட்கும் சீட்டு, எழுதிப் போடச் சொல்லுங்கள்; தேதி, நேரம், வலி எங்கே, எத்தனையாவது முறை கேட்கிறார் என்று அதிலேயே இருக்கட்டும். டேப்லெட்டில் அனுப்பும் முகாம் என்றால் வந்த பதிலை அன்றன்றே தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு முகாமுக்கு மாற்றினால் அந்தக் கணக்கைத் திறக்க முடியாமல் போகலாம். பதில் இல்லையென்றால் குறைதீர்ப்பு மனு. சிறைக் கைதிகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் உள் மனுக்களை எல்லாம் முடித்த பிறகே கோர்ட்டுக்கு வரச் சொல்கிறது. குடிவரவுக் கைதிகள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள் என்றே பெரும்பாலான நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் மனுப் போடுங்கள். ‘எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்ற வாதத்தை உடைக்க அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஐ.சி.இ.யின் தடுப்புத் தரநிலைகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த 12 மணி நேரத்துக்குள் முதல் மருத்துவச் சோதனை, 14 நாளுக்குள் முழு உடல் பரிசோதனை என்று அவை சொல்கின்றன. தரநிலையை மீறினார்கள் என்பது மட்டுமே நஷ்டஈடு வாங்கித் தராது. ஆனால் அதற்கு வேறொரு பெரிய பயன் உண்டு. அடிதடி பற்றிய கேள்விக்கான பதிலில் சொல்கிறோம்.

அடுத்தது வீடியோ. கேமராப் பதிவுகள் மேலேமேலே அழித்து எழுதப்படும். சம்பவம் நடந்த தேதி, நேரம், பிளாக் எண், காவலரின் பெயர் அல்லது பேட்ஜ் எண் எல்லாம் குறிப்பிட்டு, ‘இந்தப் பதிவை அழிக்கக் கூடாது’ என்று முகாம் நிர்வாகத்துக்கும் ஐ.சி.இ. கள அலுவலகத்துக்கும் சேர்த்து உடனே கடிதம் அனுப்புங்கள். வக்கீல் இல்லாமல் நீங்களே அனுப்பலாம். பின்னால் பதிவு காணாமல் போனால், இந்தக் கடிதம் இருப்பது கோர்ட்டில் உங்கள் பக்கம் நிற்கும்.

வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எப்படியாவது தெரிந்துகொள்ளுங்கள். முகாம் பதிவேட்டில் ஒரு வரியில் முடிந்திருப்பது ஆஸ்பத்திரிக் கோப்பில் பத்துப் பக்கமாக இருக்கும். அதை அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதலோடு ஆஸ்பத்திரியிடமே நேராகக் கேட்கலாம். முகாம் கோப்பை முகாமின் மருத்துவப் பிரிவிடம் கேளுங்கள். மீதியைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஐ.சி.இ.யிடம் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஏ-எண், அதாவது குடிவரவுத் துறை அவருக்குக் கொடுத்த கோப்பு எண், இருக்க வேண்டும். சட்டப்படி 20 வேலை நாள். நடைமுறையில் மாதங்கள் ஆகும். அதனால்தான் காத்திருக்காமல் இன்றே போடுங்கள் என்கிறோம்.

இன்னொன்று. முகாம் தொலைபேசியில் நீங்கள் பேசுவது பதிவாகும். வக்கீலுடன் பேசும் அழைப்புக்குத்தான் பாதுகாப்பு உண்டு. சண்டை எப்படித் தொடங்கியது, யார் முதலில் கை நீட்டியது என்பதையெல்லாம் உங்கள் போனில் அவர் விவரிக்க வேண்டாம்.

எஸ்.எஃப்-95 படிவத்தைப் பதிவிறக்கிவிட்டேன். வக்கீல் கிடைக்கவில்லை. நானே நிரப்பலாமா? எங்கே தப்பு வரும்?
— வாசகர், சான் ஹோசே

நிரப்பலாம். எஃப்.டி.சி.ஏ.யின் கீழ் அரசிடம் நஷ்டஈடு கோரும் படிவம் இது. கடினமில்லை, ஆனால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் எல்லாம் போய்விடும்.

அது 12ஆவது கட்டம். சொத்துச் சேதம், உடல் காயம், மரணம் என்று மூன்று தொகைகள், நான்காவதாக மொத்தம். ஒரு திட்டவட்டமான எண் வேண்டும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’, ‘10 லட்சம் டாலருக்கு மேல்’, ‘நீதிமன்றம் தீர்மானிக்கும் தொகை’ என்றெல்லாம் எழுதினால் அது கோரிக்கையாகவே எண்ணப்படாது. மொத்தத்துக்கான இடத்தை வெறுமனே விட்டாலும் அதே கதி. இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது: இங்கே எழுதிய தொகைக்கு மேல் பிறகு கோர்ட்டில் கேட்க முடியாது. அப்போது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத புதிய ஆதாரம் வந்தால் மட்டும் விலக்கு. ஆகவே அடக்கமாகக் குறைத்து எழுதும் நம் வழக்கத்தை இங்கே ஓரம் கட்டுங்கள். இதுவரை ஆன மருத்துவச் செலவு, இனி ஆகப்போவது, போன சம்பளம், இனி சம்பாதிக்க முடியாமல் போகும் தொகை, வலி, மன உளைச்சல் என்று தனித்தாளில் கூட்டி, மேல்பக்கமாகவே நிறுத்துங்கள்.

8ஆவது கட்டம் நடந்ததைச் சொல்லும் இடம். ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று போட்டுத் தனித்தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். சட்ட மேற்கோள் தேவையில்லை. ஆனால் எந்தெந்தத் தவறுகளைக் கோருகிறீர்களோ அத்தனையின் உண்மைகளும் அதில் இருக்க வேண்டும். சிகிச்சை தாமதத்தை மட்டும் எழுதிவிட்டு, பிறகு கோர்ட்டில் தனிமைச் சிறை பற்றிப் பேசினால், ‘இதை எங்களிடம் சொல்லவே இல்லையே’ என்பார்கள். அந்தப் பகுதி தள்ளுபடியாகும். 10ஆவது கட்டத்தில் காயத்தின் தன்மை, 11இல் சாட்சிகள். உடன் அடைபட்டிருந்தவர்களின் பெயரும் ஏ-எண்ணும் அங்கே உதவும், அவர்கள் சம்மதித்தால். 13இல் கையெழுத்து, உங்களுக்குப் பதில் வேறொருவர் போட்டால், அவருக்கு அதிகாரம் இருப்பதைக் காட்டும் தாள் கூட வர வேண்டும்.

ஒருவருக்கு ஒரு படிவம். கணவருக்குப் பட்ட காயத்தால் மனைவிக்கு உண்டான இழப்பை அந்த மாநிலச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் என்றால் மனைவி தன் பெயரில் தனியாகப் போட வேண்டும். இறந்துபோயிருந்தால் யார் கோரலாம் என்பதை மாநிலச் சட்டம்தான் சொல்லும். பெரும்பாலும் நீதிமன்றம் நியமித்த சொத்துப் பொறுப்பாளர்.

எங்கே அனுப்புவது? எந்த அமைப்பின் ஊழியர் செய்தாரோ அங்கே. எல்லையில் பிடித்த முதல் சில நாட்கள் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பான சி.பி.பி.யிடம் இருந்திருப்பார், பிறகு ஐ.சி.இ.; பெற்றோர் இல்லாமல் வந்த பிள்ளைகள் என்றால் சுகாதார, மனிதச் சேவைகள் துறை. மருத்துவப் பிரிவில் அந்தத் துறையின் பொதுச் சுகாதாரச் சேவை அதிகாரிகளும் வேலை பார்ப்பதால், சந்தேகம் இருந்தால் எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்பி, ‘இன்னின்னாருக்கும் அனுப்பியிருக்கிறேன்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். தவறான இடத்துக்குப் போனால் சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று விதி உண்டுதான்; ஆனால் சரியான அமைப்பின் கைக்குக் கிடைத்த நாள்தான் தாக்கல் நாள்.

முகாமில் நடந்தது 20 மாதங்களுக்கு முன். அப்போதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்குப் புகார் எழுதி, எண் ஒன்றும் கொடுத்தார்கள். கெடு நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், டாலஸ்

கூடாது. சிவில் உரிமை அலுவலகம், இன்ஸ்பெக்டர் ஜெனரல், தடுப்புக் காவல் குறைகேள் அலுவலகம், செனட்டர் அலுவலகம், எங்கே எழுதினாலும் எஃப்.டி.சி.ஏ. கடிகாரம் நிற்காது. போதாததற்கு 2025 மார்ச்சில் சிவில் உரிமை அலுவலகத்திலும் குறைகேள் அலுவலகத்திலும் பெருமளவு ஆட்குறைப்பு நடந்தது. அங்கிருந்து பதிலை எதிர்பார்த்து நாளை ஓட்டுவது ஆபத்து.

காயமும் அதன் காரணமும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு. அதற்குள் தொகை எழுதிய கோரிக்கை அரசு அமைப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில்லை. உங்களுக்கு மீதி 4 மாதம். இந்த வாரமே அனுப்புங்கள், கையெழுத்து வாங்கும் தபாலில்.

உள்ளே இருந்தேன், வக்கீல் இல்லை என்பதெல்லாம் காரணமாகுமா? வாட்சன் எதிர் அமெரிக்கா வழக்கைப் பாருங்கள். அமெரிக்கக் குடிமகனான ஒருவரைக் குடிமகன் இல்லை என்று சொல்லி 1,273 நாள் அடைத்து வைத்தார்கள். விசாரணை நீதிமன்றம் 82,500 டாலர் கொடுக்கச் சொன்னது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அவர் இன்னும் உள்ளே இருந்தபோதே 2 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டதாம். கொடுமையான தீர்ப்பு என்றே நாங்கள் நினைக்கிறோம்; ஆனால் கெடு எப்படி ஓடும் என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் இல்லை. மறுபக்கம், 2015இல் வாங் வழக்கில், அதுவும் குடிவரவுத் தடுப்பில் தொடங்கியதுதான், அசாதாரணச் சூழல் இருந்தால் கெடுவை நீட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேறு வழியே இல்லாதபோது பிடித்துக்கொள்ளும் கயிறு அது. திட்டம் போட்டு நம்பி இருக்க முடியாது. சிறுவர் என்பதற்காகவும் இந்தக் கெடு பொதுவாக நிற்பதில்லை.

கோரிக்கை போனபின் அமைப்புக்கு 6 மாதம். அதற்குள் வழக்குப் போட்டால் அவசரப்பட்டதாகத் தள்ளுபடியாகும். மறுத்துப் பதிவுத் தபால் வந்தால், அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதித் தெரிவியுங்கள். 6 மாதமாகியும் பதிலே இல்லையென்றால் மறுத்ததாகக் கொண்டு வழக்குப் போடலாம்.

கம்பெனி மீதான வழக்குக்கு மாநிலக் கெடு தனி. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியா, அரிசோனாவில் உடல் காயத்துக்கு 2 ஆண்டு. மருத்துவ அலட்சியத்துக்கு வேறு கணக்கு இருக்கலாம். லூசியானாவில் மருத்துவ அலட்சியத்துக்கு 1 ஆண்டுதான். எஃப்.டி.சி.ஏ. படிவம் போட்டதால் கம்பெனிக் கெடு நிற்கும் என்று நினைத்துக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

காவலர்கள் என்னைத் தரையில் தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள். தோள்பட்டை விலகிவிட்டது. வேண்டுமென்றே செய்ததற்கு அரசு பொறுப்பேற்காது என்று ஒரு வக்கீல் சொன்னார். உண்மையா?
— வாசகர், அட்லாண்டா

பாதி உண்மை. வேண்டுமென்றே செய்யும் குற்றங்களுக்கு எஃப்.டி.சி.ஏ.வில் பொது விலக்கு இருக்கிறது. ஆனால் 1973இல் இலினாயின் காலின்ஸ்வில்லில் போதைப்பொருள் அதிகாரிகள் தவறான வீடுகளுக்குள் புகுந்து செய்த அட்டகாசத்துக்குப் பிறகு, 1974இல் நாடாளுமன்றம் அந்த விலக்குக்குள் ஒரு விலக்கை வைத்தது. ஃபெடரல் சட்ட அமலாக்க அதிகாரிகள் செய்யும் தாக்குதல், அடிதடி, சட்டவிரோதக் கைது, அடைத்து வைத்தல் போன்றவற்றுக்கு அரசு மீது வழக்குப் போடலாம். ஐ.சி.இ., சி.பி.பி. அதிகாரிகள் இதற்குள் வருவார்கள். கைது செய்யும்போது மட்டுமின்றி, வேலை நேரத்தில் எப்போது செய்திருந்தாலும் போதும் என்று 2013இல் மில்புரூக் தீர்ப்பு தெளிவாக்கியது. தள்ளியவர் கம்பெனிக் காவலர் என்றால் அந்த மாநிலச் சட்டப்படி அவர் மீதும் கம்பெனி மீதும்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. கொள்கை சார்ந்த விருப்புரிமையோடு எடுத்த முடிவுகளுக்கு அரசு பொறுப்பில்லை என்ற விலக்கு அது. எந்த முகாமில் வைப்பது, எத்தனை காவலரைப் போடுவது, எந்தக் கம்பெனியை அமர்த்துவது என்பதெல்லாம் இதற்குள் போய்விடும். ‘கம்பெனியை ஐ.சி.இ. ஒழுங்காக மேற்பார்வை பார்க்கவில்லை’ என்ற வாதம் அடிக்கடி இங்கேதான் சாகிறது. 2025 ஜூனில் மார்ட்டின் வழக்கில், 1974இன் திருத்தம் இந்தத் தடையைத் தாண்ட உதவாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தாண்டும் வழி ஒன்று உண்டு. ‘இதைச் செய்தே தீர வேண்டும்’ என்று விதி எழுதியிருக்கும் இடத்தில் விருப்புரிமைக்கு இடமில்லை. தரநிலைகளைப் படிக்கச் சொன்னது இதற்குத்தான். பலப்பிரயோகத்துக்குப் பின் மருத்துவப் பரிசோதனை, 12 மணி நேரச் சோதனை என்று கட்டாயமாக எழுதியுள்ளதை எடுத்துக் காட்டி, அதைச் செய்யவில்லை என்று கோரிக்கையிலேயே எழுதுங்கள்.

தாக்குதல் குற்றமாக விசாரிக்கப்பட்டு, விசாரித்த அமைப்பு சான்று கொடுத்தால், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யூ விசாவுக்கும் மனுப் போடலாம். ஆண்டுக்கு 10,000 பேர் என்ற வரம்பு. வரிசை மிக நீளம்.

தம்பியைத் திருப்பி அனுப்பிப்போட்டினம். இப்ப அவர் எங்களோட யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். உள்ளே இருந்தபோது பட்ட பாட்டுக்கு இங்கேயிருந்து வழக்குப் போட ஏலுமா? போட்டால் திரும்பப் போக விடுவினமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

போடலாம். நாடு கடத்தப்பட்டவருக்கு இந்த உரிமை போய்விடுவதில்லை, கெடுவும் நீள்வதில்லை. படிவத்தில் தம்பி அங்கேயே கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். அமெரிக்காவில் வக்கீல் இருந்தால் அவர் விலாசத்தைக் கொடுப்பது நல்லது, மறுப்புக் கடிதம் கடல் தாண்டி வந்து சேரும் என்று நம்ப முடியாது. வழக்கைச் சம்பவம் நடந்த மாவட்டத்தின் ஃபெடரல் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். வாக்குமூலத்தைக் காணொளி வழியே எடுக்க நீதிபதி அனுமதிப்பது உண்டு. விசாரணைக்கு நேரில் வர மனிதாபிமான அடிப்படையில் தற்காலிக அனுமதி கேட்கலாம், தருவது அவர்கள் விருப்பம். இப்போதே யாழ்ப்பாணத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி, காயத்தின் இன்றைய நிலையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் உள்ள தாள்களுக்குச் சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

வழக்குப் போட்டதற்காகத் திரும்பப் போக விடமாட்டார்கள். நஷ்டஈடு கேட்பது வேறு, நாட்டில் இருக்க இடம் கேட்பது வேறு. 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு இரண்டாவது வகை. விரைவு நாடுகடத்தலை எதிர்த்துப் போன அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. நாடு கடத்தும் முடிவே தவறு என்று நஷ்டஈட்டுக் கோரிக்கையில் எழுதாதீர்கள்; அப்படிப்பட்ட முடிவுகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் குடிவரவுச் சட்டம் நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துவிட்டது. உள்ளே எப்படி நடத்தினார்கள் என்பதில் மட்டும் நில்லுங்கள்.

கைது செய்தபோது என் தாலிக்கொடியையும் இரண்டு வளையலையும் கழற்றி வாங்கினார்கள். விடும்போது பை மட்டும் வந்தது.
— வாசகி, சிகாகோ

அரசு அதிகாரிகள் பிடித்து வைத்த பொருள் தொலைந்ததற்கு எஃப்.டி.சி.ஏ. வழியில் கேட்பது பெரும்பாலும் வீண். அதற்குத் தனி விலக்கு இருக்கிறது. 2008இல் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எல்லாச் சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கும் விரித்துவிட்டது. ரசீதைத் தேடுங்கள். நகை, பணத்துக்கு ஜி-589, பைகளுக்கு ஐ-77. முகாமில் ஐ-387 என்ற காணாமல் போன பொருள் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். விடுதலையான பிறகும் கேட்கலாம். ரசீது உள்ள பொருள் தங்கள் அலட்சியத்தால் தொலைந்தால் ஒப்பந்த முகாம்கள் ஈடு செய்ய வேண்டும் என்று தரநிலைகள் சொல்கின்றன. கம்பெனி முகாம் என்றால் உள்ளூர் சிறு வழக்கு நீதிமன்றமும் ஒரு வழி. திருமண ஆல்பத்தில் அந்தக் கொடி தெளிவாகத் தெரியும் படமும் நகைக்கடை பில்லும் எடையைக் காட்டும்.

முகாமில் சமையலறையில் தினமும் வேலை செய்தேன். நாளுக்கு 1 டாலர் கொடுத்தார்கள். சம்பளப் பாக்கி கேட்கலாமா?
— வாசகர், சியாட்டில்

மாநிலத்தைப் பொறுத்தது. உங்கள் மாநிலத்தில் டகோமா முகாமை நடத்தும் ஜியோ குழுமத்துக்கு எதிராக 2021 அக்டோபரில் ஜூரி 1.73 கோடி டாலர் பாக்கிச் சம்பளம் கொடுக்கச் சொன்னது. வாஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம்தான் அடிப்படை. 2025 ஜனவரியில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசே நடத்தும் முகாமுக்கு இது பொருந்தாது. வேலை செய்த நாட்களின் பட்டியல், கமிசரி எனப்படும் முகாம் கடையின் கணக்குச் சீட்டு, மறுத்தால் தனிமையில் போடுவோம் என்று மிரட்டினார்களா என்ற விவரம் மூன்றையும் வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். மிரட்டல் இருந்தால் அது கட்டாய உழைப்புச் சட்டத்தின் கீழ் வேறு வழக்கு.

வக்கீல் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார். வழக்கமா?
— வாசகர், எடிசன்

கம்பெனி மீதான மாநில வழக்கில் வழக்கம்தான். எஃப்.டி.சி.ஏ.வில் சட்டவிரோதம். படிவக் கட்டத்திலேயே தீர்ந்தால் கிடைத்ததில் 20 சதவீதம், வழக்குப் போட்ட பிறகு என்றால் 25 சதவீதம். அதற்கு மேல் வாங்கினால் 2,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும். நிபுணர் கட்டணம், நகல் செலவு, 405 டாலர் நீதிமன்றக் கட்டணம் பொதுவாக இதற்குள் சேராது. கையில் காசில்லை என்றால் நீதிமன்றக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்டு மனுப் போடலாம். இந்த உச்சவரம்பால்தான் சின்னக் காயங்களுக்கு வக்கீல் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. மருத்துவ அலட்சியத்தை நிரூபிக்க இன்னொரு டாக்டரின் சாட்சியத்துக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவரே தீர்ப்பளிப்பார். தண்டனை நஷ்டஈடும் கிடையாது. 2,500 டாலருக்கு மேல் சமரசமானால் பணம் கருவூலத்தின் தீர்ப்பு நிதியிலிருந்து வரும். இரண்டு வழக்கையும் ஒரே வக்கீல் எடுத்தால், எந்தப் பணத்துக்கு எத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.